கால்மிதியில் படுத்திருந்த நாய்

டிக்கெட்டக்காவுக்கு எந்தப் படத்தின் முடிவும் நேராகத் தெரியாது. நாற்பத்தேழு வயதுக்குள் ஆயிரம் படத்துக்கு மேல் பார்த்திருப்பாள். ஒன்றைக்கூடக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. இது வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தாள். பயத்தில் நியாயம் இருந்தது. முப்பது நாளாகச் சினிமாப் பைத்தியங்களைக் கூட்டிவைத்துப் படம் பார்க்கும் போட்டி நடத்திக்கொண்டிருந்தவளே அவள்தான். அந்தப் போட்டியின் முதல் விதி, படத்தைக் கடைசி எழுத்து வரை பார்த்தாக வேண்டும் என்பது.

'மூட்டைப்பூச்சி டாக்கீஸ்' என்று ஒரு வாட்ஸப் குழு. அறுபத்திரண்டு பேர். ஒருவரையொருவர் நேரில் பார்த்தது கிடையாது, நிஜப் பெயர் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. புது ஆட்களை உள்ளே விடுகிறவள் என்பதால் இவள் டிக்கெட்டக்கா. கதாநாயகனின் கைக்கடிகாரம் போன காட்சியில் இடது கையில் இருந்தது, இந்தக் காட்சியில் வலது கையில் இருக்கிறது என்று குற்றம் கண்டுபிடிக்கிறவர் பூதக்கண்ணாடி. எந்தப் படத்தையும் இரண்டு தடவை பார்க்காமல் வாயைத் திறக்காத வாஷிங் மெஷின் மெக்கானிக், ரீவைண்டு. இடைவேளைக்குள் குறட்டை விட்டுவிடுகிற கணக்கு வாத்தியார், பாதித்தூக்கம். இப்படிப் பத்தொன்பது பேர் போட்டியில் இறங்கியிருந்தார்கள்.

ஒரு படத்தை முடித்ததும் குழுவில் 'சுபம்' என்று போட வேண்டும். பழைய படங்களின் முடிவில் திரையை அடைத்துக்கொண்டு வருமே, அந்தச் சுபம். உடனே டிக்கெட்டக்கா தனியாக ஒரு கேள்வி அனுப்புவாள். கேள்வி கடைசிப் பத்து நிமிஷத்திலிருந்துதான் வரும். கதையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் மேய்ந்துவிட்டு வந்துவிடலாம். கடைசிக் காட்சியில் கதாநாயகி எந்தக் கையில் குடை பிடித்திருந்தாள் என்பதை மேய முடியாது. பத்து நிமிஷத்துக்குள் சரியான பதில் வந்தால் ஒரு புள்ளி. ஜெயித்தவருக்கு ஒரு வருஷம் குழுவுக்குப் பெயர் வைக்கும் உரிமை. இந்த அற்பப் பரிசுக்குத்தான் வளர்ந்த மனிதர்கள் சோறு தண்ணீர் மறந்து கிடந்தார்கள்.

முடிவையே பார்க்காதவள் முடிவிலிருந்து எப்படிக் கேள்வி கேட்டாள்? அதற்குத்தான் அண்ணன் இருந்தான்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வியாதி. படம் முடியப் போகிறது என்று இசை காட்டிக்கொடுத்துவிடும். உடனே வயிற்றில் புளியைக் கரைக்கும், உள்ளங்கை வேர்க்கும். யார் காலை மிதித்தாலும் சரி என்று தியேட்டர் வராந்தாவுக்கு ஓடிவிடுவாள். அங்கே தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பாள். படம் விட்டதும் அண்ணன் வருவான். "என்னாச்சுண்ணா?" என்று கேட்பாள். அவன் ஒன்றுவிடாமல் சொல்வான். ஏனோதானோவென்று சொல்கிறவன் இல்லை. யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள், மேஜை மேல் என்ன இருந்தது என்பது வரை வரும்.

பதினோரு வயதில் பார்த்தது அந்த லாரிப் படம். வழியில் தொலைந்துபோன நாய், தன் டிரைவரைத் தேடி நூறு மைல் நடந்து வரும். வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட நேரத்தில் வெள்ளம். நாய் பாலத்தின் மேல் கால் வைத்ததும் இவள் எழுந்து ஓடிவிட்டாள்.

"நாய் வந்துடுச்சு பாப்பா," என்றான் அண்ணன். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. "வாசல்ல ஒரு கால்மிதி கெடக்குல்ல, பச்சைக் கலர்ல? அது மேல சுருண்டு படுத்துத் தூங்குது. வால் மட்டும் கீழ தொங்குது."

அந்தக் கால்மிதியை அவள் முப்பத்தாறு வருஷமாக மனசுக்குள் விரித்து வைத்திருந்தாள். கல்யாணம் என்று ஒன்று நடந்து, இரண்டு வருஷத்தில் முறிந்தபோது எழுந்து ஓட வராந்தா இல்லை. அந்த நாட்களிலும் அழுது முடித்துக் கண்ணை மூடினால் அந்த நாய்தான் வந்தது. எவ்வளவு நடந்தாலும் ஒரு கால்மிதி கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வாள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அண்ணன் அவளோடுதான் இருந்தான். அண்ணி போய் மூன்று வருஷமாகிறது. டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். காலையில் நாலு பேருக்கும் சாயங்காலம் மூன்று பேருக்கும் கிளட்ச்சை எப்போது விட வேண்டும் என்று கத்திவிட்டு வருவான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் படம் பார்ப்பார்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் அவள் சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். "வா, முடிஞ்சுது" என்று அவன் கூப்பிட்டு முடிவைச் சொல்வான். போட்டிக்கு நூற்றிருபது படப் பட்டியல் போட்டபோதும் அவன் சொல்லச் சொல்லத்தான் நோட்டில் கேள்விகளை எழுதினாள். சில படங்களை மட்டும் அவன் சேர்க்க விடவில்லை. "அது வேணாம், பிரிண்ட் சரியில்ல" என்பான். "அதுல சவுண்டு கேக்காது" என்பான். அவளும் நம்பினாள். லாரிப் படமும் இன்னும் இரண்டும் மட்டும் அவனைக் கேட்காமல் பின்னால் அவளாகச் சேர்த்தவை.

பட்டியலை விடப் பெரிய கவலை ஒன்று அந்த மாதம் வீட்டுக்குள் வந்திருந்தது. அண்ணனின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு. வலியில்லை என்றான். வலியில்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. நச்சரித்து நச்சரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வெள்ளிக்கிழமை. கூட வருகிறேன் என்றதற்கு, "நீ வந்தா டாக்டர் வாயைத் திறக்கறதுக்குள்ள வராந்தாவுக்கு ஓடிடுவ. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சிரித்தான். வந்தான், சொன்னான். "ஒண்ணும் இல்லியாம் பாப்பா. வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அவரு சம்சாரத்துக்கு டிரைவிங் கத்துத்தர முடியுமான்னு வேற கேட்டாரு. சிவப்புக் கார் வாங்கியிருக்காராம்."

வெள்ளிக்கிழமை அவள் ஒரு மாதம் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியின் கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு. காலையில் ஆறு முதல் இரண்டு வரை அவளுக்கு வேலை. லிஃப்ட் கம்பெனியின் அவசர போன். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டாலும், உள்ளே இருக்கிற ஆள் மணிப் பொத்தானை அழுத்தினால் அவள் காதில்தான் குரல் கேட்கும். இவ்வளவு பயந்தாங்கொள்ளியை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார் என்று கேட்கத் தோன்றும். உண்மையில் அங்கே அவளை மிஞ்ச ஆளில்லை. அடுத்தவர் பயம் அவளுக்கு அத்துப்படி. கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு: மெக்கானிக் வர இருபது நிமிஷம் ஆகுமென்றால் இருபது என்றே சொல்ல வேண்டும். ஆறுதலுக்காக ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டால், ஆறாவது நிமிஷத்தில் உள்ளே இருக்கிறவர் கதவை உதைக்க ஆரம்பிப்பார்.

அன்று ஒன்பது மணிக்கு ஒரு பெண். மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில். மூச்சிரைக்கும் சத்தம்.

"எவ்ளோ நேரம் ஆகும்? சீக்கிரம் சொல்லுங்க."

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்மா. கம்மியா சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். ஆனா நான் லைன்லயே இருக்கேன். உக்காந்துக்குங்க, செருப்பைக் கழட்டுங்க."

இருபத்துநாலாவது நிமிஷத்தில் கதவு திறந்தது. அந்தப் பெண் நன்றி சொல்லக்கூட மறந்து ஓடினாள். ஓடத்தானே வேண்டும் என்று டிக்கெட்டக்கா நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது குழு கொதித்துக்கொண்டிருந்தது. ரீவைண்டு நாற்பத்தொன்று, பூதக்கண்ணாடி நாற்பத்தொன்று. தான் ஜெயித்தால் குழுவின் பெயர் 'பூதக்கண்ணாடி ரசிகர் மன்றம்' என்று அவர் ஒரு வாரமாக மிரட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கு இன்னும் ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டாள். பூதக்கண்ணாடிக்கு ஒரு துப்பறியும் படம் விழுந்தது. ரீவைண்டுக்கு லாரிப் படம். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தன் நாயைப் பார்க்கப் போகிறாரே என்று.

பூதக்கண்ணாடி நாலேகாலுக்குச் சுபம் போட்டார், சரியாகப் பதில் சொன்னார். ரீவைண்டின் சுபம் ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தது. அவள் நோட்டைப் பார்க்காமலே தட்டினாள்: 'கடைசிக் காட்சியில் நாய் எதன்மேல் படுத்திருக்கிறது?'

 பதில் வந்தது. 'எதன்மேலும் இல்லை அக்கா. நாய் வரவே இல்லை.'

 இந்த மனிதரா? இரண்டு தடவை பார்க்காமல் பேச மாட்டார் என்று பெயரெடுத்தவரா? கடைசி நாள் அவசரத்தில் படத்தை ஓட்டிவிட்டுக் குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறார். அண்ணனுக்கு போன் செய்தாள். வண்டியில் இருந்தான், எடுக்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். மன்னித்துவிடலாமா? மன்னித்தால் நாலேகால் மணி வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த பூதக்கண்ணாடிக்கு என்ன பதில்? விதி என்றால் விதி. அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். கடைசியில் குழுவில் போட்டுவிட்டாள்: 'ரீவைண்டின் பதில் தவறு. படத்தை அவர் முழுக்கப் பார்க்கவில்லை. புள்ளி கிடையாது.'

குழு தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஆயிற்று. "ரீவைண்டா? நம்பவே முடியல" என்று ஒருவர். "அமைதியா இருக்கறவங்களத்தான் நம்பக் கூடாது" என்று இன்னொருவர். ரீவைண்டு ஒரே ஒரு வரி எழுதினார்: 'நான் பார்த்தேன் அக்கா.' அடுத்த நிமிஷம் சாம்பல் நிறத்தில் அந்த அறிவிப்பு வந்தது. ரீவைண்டு குழுவிலிருந்து விலகினார்.

அதற்குப் பிறகு பூதக்கண்ணாடியிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. ஜெயித்த மனிதர் பேசுகிற குரலாக அது இல்லை.

"அக்கா, அந்தப் படத்த நான் மூணு தடவ பாத்திருக்கேன். நாய் வராதுக்கா. ஆத்தோட போயிடும். நீங்க வேற ஏதோ படத்தோட போட்டுக் குழப்பிக்கிட்டீங்க போல. இந்த மாதிரி ஜெயிச்சு நான் என்ன பேர் வைக்கறது, சொல்லுங்க."

அவள் அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து லாரிப் படத்தைத் தேடிப் போட்டு, கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தள்ளினாள். பாலம் வந்தது. இசை வந்தது. கால்கள் தாமாகவே எழுந்தன. "உக்காருடி" என்று தன்னையே அதட்டிக்கொண்டு, சோபாவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெள்ளம் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பிறகு வீடு. டிரைவர் வாசற்படியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் திறந்தபடியே விட்டான். வாசலில் கால்மிதி கிடந்தது. பச்சைதான். அண்ணன் அந்தமட்டுக்குப் பொய் சொல்லவில்லை. அதன் மேல் ஒன்றும் இல்லை. வெறும் கால்மிதியின் மேல் 'சுபம்' என்று எழுத்து விழுந்தது.

இதற்குப் போய்ச் சுபமாம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. படம் எடுத்தவனை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் அழுகை. நாய்க்காக முதலில், ரீவைண்டுக்காக அடுத்தது. போன வாரமும் முந்தின வாரமும் பாதித்தூக்கம் இரண்டு படத்தில் புள்ளி இழந்து, "நான்தான் தூங்கிட்டேன் போல" என்று ஒத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அவள் தானாகச் சேர்த்த அந்த மற்ற இரண்டு படங்கள். பாவி மனுஷன் தூங்கவே இல்லை.

ஆறரைக்கு அண்ணன் வந்தான். அவள் பாலை அடுப்பில் வைக்கக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நாய் செத்துப்போச்சு," என்றாள்.

"எந்த நாய்?"

"கால்மிதி நாய்."

அவன் செருப்பைக் கழற்றுவதை நிறுத்தினான். பிறகு சிரித்தான். திருட்டு முழி முழித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "கடைசியில பாத்துட்டியா? அடிப்பாவி. அன்னிக்கு உண்மையச் சொல்லியிருந்தா நீ ரோடு முழுக்க அழுதிருப்ப. அம்மா என் முதுகுத் தோல உரிச்சிருப்பாங்க."

"எத்தனை படம்ணா?"

"சரியாத் தெரியல. சோகமா இருந்ததெல்லாம்."

அவளுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாள். குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டாள்: தான் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை, அண்ணன் சொன்னதை வைத்தே கேள்வி கேட்டது, ரீவைண்டு சொன்னதே சரி, பாதித்தூக்கத்துக்கு இரண்டு புள்ளி பாக்கி. கப்பல் ஏறட்டும் என்று மானத்தை அனுப்பிவைத்துவிட்டு, ரீவைண்டுக்கு போன் போட்டாள். அவர் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பின்னால் ஏதோ மெஷின் சுற்றும் சத்தம்.

"என்னை மன்னிச்சிடுங்க. நீங்க பாத்தீங்க, நான்தான் பாக்கல," என்று தொடங்கி முழுக்கச் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "நாய் வந்துடுச்சுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா, இத்தனை வருஷமா?"

"ஆமா."

"நல்லாத்தான் கத விட்டிருக்காரு உங்க அண்ணன்." சிரித்தார். கோபம் இறங்கியிருந்தது. "கால்மிதி, வால் தொங்குது... பொய்யி சொல்றவங்கதான்க்கா அவ்ளோ விவரமா சொல்லுவாங்க. எங்க தொழில்ல தெனமும் பாக்கறேன். 'மெஷின்ல நான் கையே வெக்கல, அப்போ நான் குளிச்சிட்டு நீலத் துண்டு கட்டிக்கிட்டு நின்னேன்'ன்னு ஒருத்தர் சொன்னாருன்னா, அவருதான் கைய வெச்சிருப்பாரு. நீலத் துண்டு யாரு கேட்டா? சரி விடுங்க, என்னை மறுபடி சேத்துக்குங்க. பூதக்கண்ணாடி தனியா ஆடுவாரு."

போனை வைத்தாள். பூதக்கண்ணாடியும் ரீவைண்டும் சமம் என்று அறிவித்தாள். குழுவில் யாரும் திட்டவில்லை; 'இனிமே முடிவை நான் வந்து சொல்றேன் அக்கா, தூங்காம' என்று பாதித்தூக்கம் எழுதியிருந்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவள் அடுப்பில் பாலை வைத்தாள். நீலத் துண்டு யார் கேட்டது என்பது மட்டும் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

பச்சைக் கால்மிதி. நீலத் துண்டு.

சிவப்புக் கார்.

அடுப்படியில் நின்றவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். டாக்டரின் சம்சாரத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? கொழுப்புக் கட்டி என்று சொன்னால் போதாதா? காருக்கு நிறம் எதற்கு? கூடத்தில் அண்ணன் டிவி ரிமோட்டை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். கழுத்தில் இரண்டு நாளாகக் கைக்குட்டை சுற்றியிருந்தான், வேர்க்கிறது என்று.

அவள் போய் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனே பாப்பா. வெறும்..."

"காருக்குக் கலர் வேணாம்ணா. டாக்டர் என்ன சொன்னாரு?"

அவன் ரிமோட்டை வைத்தான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவள் இதுவரை பார்த்திராத முகம் அது. முப்பத்தாறு வருஷமாக அவள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோதெல்லாம் உள்ளே தனியாக உட்கார்ந்து பார்த்தவனின் முகம்.

"நீ தாங்க மாட்ட."

"தெனமும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க கிட்ட நான் என்ன சொல்றேன் தெரியுமா? இருபத்தஞ்சு நிமிஷம்னா இருபத்தஞ்சுன்னு சொல்லுவேன். அஞ்சுன்னு சொன்னா அவங்க செத்துடுவாங்கண்ணா, ஆறாவது நிமிஷத்துல. நீ உள்ள மாட்டிக்கிட்டிருக்க. எவ்ளோ நேரமானாலும் நான் லைன்ல இருக்கேன். சரியான நேரத்தச் சொல்லு."

அவன் டிரைவிங் ஸ்கூல் பையைத் திறந்தான். எல் போர்டுக்கும் விதிமுறைப் புத்தகத்துக்கும் நடுவிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.  

"ஆபரேஷன் பண்ணணுமாம். பதினெட்டாம் தேதி. அதுக்கப்புறம்தான் எதுவும் சொல்ல முடியுமாம். அப்புறம் என்னன்னு எனக்கே தெரியாது பாப்பா. நிஜமா தெரியாது."

"அந்தக் காயிதத்தப் படி. முழுசா."

அவன் படிக்க ஆரம்பித்தான். பெயர், வயது, தேதி. பிறகு நீளமான வார்த்தைகள், ஒவ்வொன்றையும் புது டிரைவர் மாதிரித் தயங்கித் தயங்கிக் கடந்தான்.  அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. கால்கள் எழுந்துகொள்ளத் துடித்தன. கடைசிப் பத்தி வந்தபோது அவன் நிறுத்தினான். சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"பால் பொங்குது, போய்ப் பாரு."

புஸ்ஸென்று அடுப்பில் வழியும் சத்தம் அவளுக்கும் கேட்டது.

"பொங்கட்டும்," என்றாள். "நீ படி."